அரைக் குளிசை

சாக்குத் தைக்கும் ஊசியைப் பிடித்தபடி தம்பி ரிஸ்வான் அப்படியே நின்றுபோனதைத்தான் முதலில் கவனித்தேன். மாத்தளையில் எங்களுக்கு மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடை. இருபது வயதுவரை சாக்கு வாயை மளமளவென்று தைத்தவன். இப்போது ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் இடையில் நான் ஓர் ஆளுக்குச் சாமான் நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம். சோம்பேறி என்று திட்டினேன். குரல்கள் கேட்கின்றன என்று ராத்தா என்று அழைக்கும் அக்காவான என்னிடம் அவன் சொல்லவே பல மாதமானது.

மனச்சிதைவு (இல்லாத குரல்கள் கேட்பதும், நினைவோட்டம் சிதறுவதுமான நோய்) என்றார்கள். மருந்துக் குளிசைகள் (மாத்திரைகள்) குரல்களை அடக்கின. கை மட்டும் மந்தமாகவே இருந்தது. பழியை நான் குளிசைமேல் போட்டேன்.

கண்டியில் அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஓர் ஆய்வுக்கு அவனைக் கேட்டார். எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடலுக்குள் படமெடுக்கும் கருவி) உள்ளே படுத்து, விளக்கு எரியும்போதெல்லாம் விரலால் பொத்தானைத் தட்ட வேண்டும். அசைவை நடத்தும் மூளைப் பகுதிகளைப் பார்ப்பார்களாம். இது சிகிச்சை அல்ல என்று இருமுறை சொன்னார். எங்கள் காதில் ஏறவில்லை. பரீட்சை என்றே எடுத்துக்கொண்டோம். நன்றாகத் தட்டினால் நல்ல மருந்து கிடைக்கும் என்று நம்பி, மேசையில் விரல் தட்டப் பழக்கினேன். உம்மா நோன்பு பிடித்தார். கை சுறுசுறுப்பாகட்டும் என்று இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் பாதிக் குளிசையே கொடுத்தேன்.

ஆய்வுக்குப் போகும் வழியிலேயே ரிஸ்வான் தனக்குள் முணுமுணுத்தான். பயம் என்று நினைத்தேன். கருவியின் இரைச்சலில் அலறத் தொடங்கினான். உடனே வெளியே எடுத்து, அன்றே வார்டில் சேர்த்தார்கள். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை.

"மந்தம் குளிசையால மட்டும் வாறதில்லங்க. சிலருக்கு நோயே அப்படித்தான். படம் எடுத்திருந்தாலும், உங்க தம்பிக்கு எதால வந்ததுன்னு எங்களால சொல்ல ஏலாது."

ஆய்வு பலருடைய படங்களைச் சேர்த்துப் பார்ப்பதற்குத்தானாம். அவன் ஒருவனுக்காக அதில் எதுவுமே இருக்கவில்லை.

வீட்டில் இதே நோயுள்ளவரை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். டாக்டரைக் கேட்காமல் குளிசையைக் குறைக்காதீர்கள். ரிஸ்வான் மூன்று மாதத்தில் வீட்டுக்கு வந்தான். பழைய நிலைக்கு வரவில்லை. ஆய்வுக்கு முன்பு காலை முழுக்க உட்கார்ந்து ஒரு சாக்காவது தைப்பான். இப்போது ஊசியைத் தொடுவதில்லை. தேறிவிடுவான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் குளிசையை உள்ளங்கையில் வைத்தால் உற்றுப் பார்க்கிறான்.

"முழுசா தந்தீங்களா, ராத்தா?"

ஆம் என்கிறேன். அதற்குப் பிறகும் கை வாய்க்குப் போக வெகு நேரமாகிறது. அந்தத் தாமதத்தில் நோய் எவ்வளவு, என்மேலுள்ள பயம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அவன் விழுங்கும்வரை நானும் அசையாமல் நிற்கிறேன்.