தேதி இல்லாத ஞாயிறு

என் வீட்டுக் கம்ப்யூட்டரை இன்று பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் செய்தது. சொன்னவள் நான்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. மாடி அறையைத் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். இருபத்திரண்டு வயது. கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை, ஒப்பந்தத்தில். நான் அதே வட்டாரத்தில் வேறொரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். அவளுடைய கம்பெனி வண்டி எங்கள் வாசலிலேயே வந்து அவளை ஏற்றிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் போனவள், வலது கையில் இரண்டு விரல்களை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிறு ஓ.டி.க்கு இங்கே ஒரு வழக்கம் உண்டு. வருகைப் பதிவு மெஷினில் கைரேகை வைக்க வேண்டாம் என்பார்கள். சூப்பர்வைசர் ஒரு நோட்டு கொண்டுவருவார், அதில் கையெழுத்துப் போட்டால் போதும். ஏட்டில் பார்த்தால் அன்றைக்கு லைனே ஓடவில்லை. இது ஒன்றும் ரகசியமில்லை, நானும் எத்தனையோ ஞாயிறு மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான். விரல் போனதும் நோட்டும் காணாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்த கம்பெனி ஆளே வீட்டில் அடிபட்டது என்று எழுத வைத்திருந்தான். தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டோம். பெண் அன்று வேலைக்கே வரவில்லை, அறையில் கிரைண்டரில் கையை விட்டுக்கொண்டாள் என்று அவளை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் அங்கே எழுத்தில் கொடுத்தார். மாடி அறையில் கிரைண்டர் ஏது? ஒரு மிக்ஸி கூடக் கிடையாது. மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடுகிற பெண் அவள். 

கூட வேலை பார்த்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் திட்டினேன்.

எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பைக்கில் பெட்ரோல் திருடு போகிறது என்று என் கணவர் வாசலில் ஒரு கேமரா மாட்டியிருந்தார். அந்த ஞாயிறு காலை அவள் சீருடையோடு வண்டி ஏறியது அதில் பதிவாகியிருந்தது. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் ஓடின. பென்டிரைவில் இறக்கி, தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே திறக்கவில்லை. கேமரா செய்தவன் தனக்கென்று ஒரு ஃபார்மேட் வைத்திருக்கிறான், அவனுடைய பிளேயரில்தான் ஓடும். கண்ட பிளேயரையெல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது, எல்லாவற்றிலும் ஓடுகிற மாதிரி மாற்றிக் கொண்டுவாருங்கள், விசாரணை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

மறுநாள் மதியம் உட்கார்ந்தேன். இணையத்தில் சும்மா கிடைக்கிற கன்வர்ட்டர் ஒன்றை இறக்கினேன். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நூறைத் தொட்டது. ஓட்டிப் பார்த்தேன். வண்டி வந்தது, அவள் ஏறினாள், வண்டி போயிற்று. படம் பளிச்சென்று இருந்தது. மூலையை நான் பார்க்கவில்லை. பாகங்களின் மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், அந்தப் படத்தின் மூலையைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் செய்ததுதான் இன்னும் கேவலம். எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்தின் புது டிராயிங் வந்தால் பழையதை அந்த நிமிஷமே கிழித்துப் போட வேண்டும். ஒரே மேசையில் புதிதும் பழையதும் சேர்ந்து இருந்தால் ஆடிட்டில் மெமோ கொடுப்பார்கள். பதினோரு வருஷத்தில் அது எனக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது. வீட்டில்கூட இந்த மாதக் கரண்ட் ரசீது வந்தால் போன மாதத்துடையதைக் கிழித்துவிடுவேன். அதே மாதிரி, மாற்றிய கையோடு பழைய ஃபைலை அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்துப் புதியதை மட்டும் ஏற்றினேன். அதன் பெயராக நீளமாக ஏதோ எண்கள் இருந்தன, அதை எடுத்துவிட்டு அவள் பெயரை வைத்தேன். அந்த எண்கள்தான் தேதி. வேலையை நறுவிசாக முடித்த திருப்தியில் டீ போட்டுக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. ஒப்பந்தக்காரர் வரவில்லை, ஓர் ஆளை அனுப்பியிருந்தார், உள்ளூர்க்காரன். அதிகாரி படத்தை ஓட்டினார். இந்த முறை முதல் ஆளாக நான்தான் பார்த்தேன். மூலை காலியாக இருந்தது.

"சார், இந்தப் பொண்ணு டெய்லி இதே வண்டிலதான் ஏறுது. இது அந்த ஞாயித்துக்கெழமதான்னு எதுல கீது?" என்றான் அவன்.

அதிகாரி ஃபைலின் விவரங்களைத் திறந்து பார்த்தார். நான் மாற்றிய நாள்தான் அதில் இருந்தது. பழையதைக் கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன். ஏன் அழித்தீர்கள் என்றார்.  அவள் வண்டி ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று மட்டும் கத்தினேன். வீட்டுக்கார அம்மா அப்படித்தான் சொல்வார்கள் என்றான் அந்த ஆள். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அறைந்திருப்பேன்.

தேதி படத்துக்குள் இருப்பதே இல்லையாம், தனியாக இருக்குமாம், அந்த பிளேயர்தான் அதை எடுத்து மேலே எழுதிக் காட்டுமாம். இதைக் கேமரா மாட்டிய ஆள் பிறகு சாவகாசமாகச் சொன்னான். வீட்டில் கேமராப் பதிவைச் சேர்த்து வைக்கும் பெட்டியில் பன்னிரண்டு நாள் பதிவுதான் நிற்கும், அதற்கு மேல் அதுவே அழித்துக்கொள்ளும். அழித்ததை மீட்டுத் தருகிறோம் என்ற இரண்டு கடைக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

விசாரணை அன்று அலுவலகத்தை விட்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அவள் வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. என் போனிலும் அந்த மாற்றிய வீடியோ கிடந்தது. இந்தச் சனியன் இனி எதற்கு என்று சொல்லிக்கொண்டே அழிக்கப் போனேன்.

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிராதீயக்கா. அதுல என் கை முழுசா இருக்கு."