ஆடிட்டரின் பதினொரு நாள் ஓய்வு

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் அந்த ஆடிட்டரின் அறை இருந்தது. வயது எழுபதைத் தொட்டிருக்கும். சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்கள். எதைக் கண்டாலும் பில் கேட்பார். நான் வாங்கிப்போன பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜிக்கும் கேட்டார்.

காக்கநாட்டுக் கம்பெனியில் எனக்குக் கைநிறையச் சம்பளம், கூடவே கண்ணைக் கட்டும் வரி. அறுபதானதும் வீட்டில் ராஜா மாதிரி உட்கார வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வழி கேட்கத்தான் அவரிடம் போனேன்.

"பென்ஷன் கணக்குல நீங்க போட்டா புது வரிமுறையில வரிக்கழிவு இல்ல, சாரே. கம்பெனி போட்டா உண்டு. சம்பளத்தை அப்படிப் பிரிச்சுத் தரச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. "இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன் சார் இன்னும் ரிட்டயர் ஆகல?" என்று கேட்டேன்.

"ஆனேனே, பதினொரு நாள். வீட்டுக்காரி மத்தி மீன் வாங்கினா பில் கேட்டேன். கப்பைக்கிழங்கு வாங்கினாலும் கேட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில சாயாவோட ஆபீஸ் சாவியையும் கொண்டுவந்து வச்சிட்டா."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, மனைவியிடம் என் ஓய்வுத் திட்டத்தை விவரமாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"பகல் பூரா வீட்லயேவா இருப்பீங்க?" என்று கேட்டாள்.