பெயர் கொடுத்துவிட்டுப் போன கூட்டம்

இலங்கை முழுக்கப் பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்தோமே, அதற்கு அடுத்த வருஷம். பதுளையில் இலக்கிய விழா. பேச வந்த எழுத்தாளர் ஒருவர் என் த்ரீவீலரில் ஏறினார். மெலிந்த உடம்பு, சும்மா சும்மா கைக்கடிகாரத்தைத் தடவுவார். துன்ஹிந்த அருவி, சந்தை, ஸ்டேஷன் என்று காலை முழுக்கச் சுற்றினோம். மண்டபத்துக்கு மட்டும் போகச் சொல்லவில்லை.

"ஏங்க ஐயா, விழாவுக்குப் போகலீங்களா?"

"நான் பேசுறப்ப ஒருத்தரும் இருக்கமாட்டாங்கப்பா. போன தடவையும் அப்படித்தான்."

"அட, இதுக்கா? தேயிலைத் தோட்டத்துல காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு ஆளு கொறஞ்சா கங்காணி லயத்து வீட்டுக்கே வந்து இழுத்துட்டுப் போவாரு. நான் ஆளு கூட்டிட்டு வாரேன், வாங்க."

ஸ்டாண்டில் நின்ற த்ரீவீலர்காரர்களைக் கூட்டிப் போனேன். எல்லாரும் ஒரு காலத்தில் தோட்டத்து வேலைக்காரர்கள். பெரட்டில் பெயர் கொடுத்ததும் மலைக்கு வேலை செய்யப் போய்விடுவது அங்கே வழக்கம். மண்டப வாசலில் வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதியதும் ஒருத்தன் சொன்னான்:

"பேரு குடுத்தாச்சு. வாங்கடா, பொழப்பப் பாப்போம்!"

மொத்தமாகத் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்து நன்றாகத்தான் பேசினார். பாதியில் சட்டென்று நிறுத்திவிட்டு, வேறு யாருடைய வண்டியிலோ போய்விட்டார்.

அவரை எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள்: நான் தூங்கவில்லை. கண்ணை மூடினால்தான் எனக்குப் பேச்சு காதில் ஏறும்.