சுசீலாவுக்குச் செலவு கிடைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அடுத்த சில நிமிஷத்தில் என் அறைத்தோழியின் புடவைகள் எல்லாம் மூட்டையாகிவிட்டன!

சண்டையா? இல்லவே இல்லை. ஒரே கேள்வியில் சண்டை மூட்டும் திறமை எனக்கு இன்னும் வரவில்லை.

வரிசையாகச் சொல்கிறேன். வரிசை இல்லாமல் எனக்குச் சொல்ல வராது — தொழில் அப்படி. ஓசூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரேசர் வேலை. இஞ்சினீயர் வரைந்த படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு பிசகாமல் நகல் எடுக்க வேண்டும். மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கூட இருப்பவள் சுசீலா. அதே தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மதனப்பள்ளிக்கும் அந்தப் பக்கத்துத் தெலுங்குப் பெண். தமிழ் இங்கே வந்து கற்றுக்கொண்டது.

தினமும் விளக்கு வைத்ததும் கேட்பேன், "சுசீலா, இன்னிக்குச் செலவு?" அவள் சொல்வாள், நான் எழுதுவேன். வாடகை பாதி, மண்ணெண்ணெய் பாதி என்று ஓடுகிற குடித்தனத்தில் இது வசதிதானே? அவளுடைய டீ, பஸ், பூ எல்லாமும் கூடவே ஏறிவிடும். கொஞ்ச நாளாக அவள் பக்கம் காலியாகவே இருந்தது. "ஒண்ணும் இல்லக்கா" என்பாள். என்ன சிக்கனமான பெண் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை...

ஞாயிறு மத்தியானம் அவளுடைய சின்னம்மா வந்து இறங்கினார், ஒரு கூடை மாங்காயோடு. அவருக்குத் தெலுங்கைத் தவிர வேறு பாஷை கிடையாது. சுசீலாவைப் பார்த்த உடனே முகம் வாடிவிட்டது. பெண் இளைத்துப் போய்விட்டாளாம். ஊருக்கு அழைத்துப்போய் நாலு நாள் சோறு போட்டுத்தான் அனுப்புவாராம்.

"லீவு தர மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்க்கா" என்று என்னிடம் தமிழில் சொன்னாள் சுசீலா. "கேக்காம போனா என் இடத்துல வேற பொண்ணு உக்காந்துடும்."

சின்னம்மாவின் பார்வை என்மேல் திரும்பியது. நான் ஆபீசரா என்று கேட்டாராம்.

"இல்லம்மா, கோடு போடறேன்."

சுசீலா அதைத் தெலுங்கில் சொன்னாள். பதிலையும் சிரித்துக்கொண்டே தமிழாக்கினாள். "கோடு போடறதுக்கா மேஜை, நாற்காலி, சம்பளம் எல்லாம் குடுக்கறாங்க? பொய் சொல்றாங்க ஆபீசரம்மான்றாங்க."

அதற்குப் பிறகு என் ஆபீசர் பதவியை யாராலும் அசைக்க முடியவில்லை.

சாயங்காலம் விளக்கு வைத்தேன். நோட்டைத் திறந்தேன். வழக்கம்போல, "சுசீலா, இன்னிக்குச் செலவு?"

சின்னம்மா துள்ளி எழுந்தார். "செலவா? செலவா!" என்று என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினார். கொடியில் கிடந்த புடவைகளை உருவினார். மடித்தார். மூட்டை கட்டினார்.

செலவு கேட்டால் எந்த ஊரிலாவது மூட்டை கட்டுவார்களா?

சுசீலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அக்கா, தெலுங்குல செலவுன்னா லீவு! ஆபீசரம்மாவே லீவு குடுத்துட்டாங்கன்னு நெனச்சுட்டாங்க."

நானும் சிரித்தேன். "சரி, சொல்லு அவங்ககிட்ட. பாவம், மூட்டையை அவிழ்க்கட்டும்."

அவள் சொல்லவில்லை. மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சுசீலா, நிஜமாவே கிளம்பறியா? வேலை போயிடுமே!"

"போயிடும்க்கா..." மூட்டையின் முடிச்சைத் தடவினாள். பிறகு, "நீங்களே எனக்குச் செலவு குடுங்களேன்" என்றாள்.

"எதுலேருந்து?"

"செலவுலேருந்து."

நான் நோட்டை மூடினேன்.

"நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லையே சுசீலா? எழுதத்தானே எழுதறேன்?"

"கேக்க மாட்டீங்கக்கா. ஆனா ரெண்டாவது டீ குடிச்சேன்னு சொன்னா, உங்க பேனா கொஞ்சம் நிக்கும். அப்புறம்தான் எழுதும்."

நிற்குமா? நிற்கும்போல இருக்கிறது. கோடு போடும் முன் பேனாவை நிறுத்திப் பார்ப்பது எனக்குக் கைப்பழக்கம். அது தீர்ப்புச் சொல்லும் என்று நான் கண்டேனா?

அந்தப் பேனாவுக்குப் பயந்து அவள் டீயை விட்டாள், வடையை விட்டாள், பஸ்ஸை விட்டு நடந்தாள். டீ நேரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பாளாம். பாக்கிங் பிரிவில் அவளுக்குப் பெயரே 'சாமியாரம்மா'வாம். நான் பெருமைப்பட்ட சிக்கனம் இதுதான்!

பணம் போதுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கணக்கு. ஆள் ஒழுங்கா என்று பார்க்க அல்ல. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் எந்தக் கணக்கும் நேராகாது.

அங்கேயே உட்கார்ந்து பேசினோம். சம்பளம் வந்ததும் வாடகை, அரிசி, மண்ணெண்ணெய், ஊருக்கு மணியார்டர் — இவற்றை முதலில் எடுத்து வைத்துவிடுவது. பொதுச் செலவு மட்டும் நோட்டில், அதுவும் சனிக்கிழமை ஒரு தடவை. மிச்சம் அவரவர் கைக்காசு. அதற்கு வரி கிடையாது — இரண்டு அர்த்தத்திலும்!

"இது போதுமா? இருக்கியா?" என்றேன்.

சுசீலா சின்னம்மாவிடம் போய்த் தானே மூட்டையை அவிழ்த்தாள். தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னாள். சின்னம்மாவுக்கு முதலில் ஏமாற்றம். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. அவர் சொன்னதை சுசீலா எனக்குத் தமிழில் சொன்னாள். "எங்க ஊர்ல செலவுன்னா பள்ளிக்கூடம் மூடியிருக்கும். உங்க ஊர்ல செலவுன்னா பர்ஸ் திறந்திருக்கும். நல்ல பாஷைம்மா!"

திங்கள் காலை சின்னம்மா தனியாக பஸ் ஏறினார். பெண் சாப்பிட வேண்டும் என்று என்னிடம் கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் ஏறினார்.

அன்று சாயங்காலம் சுசீலா வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். பாக்கிங் பிரிவுத் தோழிகள் இரண்டு பேர் தெருமுனை வரை கூட வந்து கத்திவிட்டுப் போனார்கள்: "நாளைக்கு வடை உன் கணக்குடி, சாமியாரம்மா!" சுசீலாவின் தலையில் கனகாம்பரம், தாராளமாக.

எவ்வளவு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தமிழில் அது செலவுதான். அவள் முகத்தில் இருந்ததோ, சுத்தத் தெலுங்குச் செலவு!