தம்பி எடுத்துக்கொண்ட பேச்சு

சென்ற சாரல் சீசனுக்குக் கல்லூரித் தோழிகள் இரண்டு பேர் மதுரையிலிருந்து வந்து குற்றாலத்தில் அறை எடுத்திருந்தார்கள். தென்காசியிலிருந்து நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அன்று அருவிகளில் வெள்ளம். எங்கேயும் குளிக்க விடவில்லை. லாட்ஜில் எந்தச் சந்தேகத்துக்கும் போனிலேயே பதில் சொல்லும் ஏஐ ஒன்று வைத்திருந்தார்கள். ஒருத்தி அதை ஸ்பீக்கரில் போட்டு, "இவ்வளவு தூரம் வந்தும் குளிக்க முடியலையே" என்று புலம்பினாள்.

"சரி, அழுது முடிச்சிட்டே பேசுங்க. நான் போனை வைக்கல" என்றது அது.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏட்டி, உன்னைய மாதிரியே பேசுது" என்றாள் ஒருத்தி.

குரல் என்னுடையது இல்லை. பேச்சு என்னுடையது. அம்மா இறந்த அன்று, சென்னையில் பஸ் கிடைக்காமல் நின்ற தம்பியிடம் நான் போனில் சொன்ன வார்த்தைகள் அவை; 'பேசு' மட்டும் 'பேசுங்க' ஆகியிருந்தது. அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தம்பி கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். லாட்ஜ்களுக்கான ஏஐ ஒன்று எப்படிப் பேச வேண்டும் என்று அதற்குக் குணம் கொடுக்கும் வேலை வந்திருப்பதாக ஒருமுறை சொல்லியிருந்தான். அந்தச் சமயத்தில் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். என்ன குழம்பு, பக்கத்து வீட்டுக்காரியிடம் என்ன சண்டை, அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் கேட்பான். தம்பிக்கு இப்போதாவது என் நினைப்பு வந்ததே என்று, அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன். பிறகு வேலை அதிகம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டான்.

வராந்தாவில் நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"நான் பேசுனதையெல்லாம் ரெக்கார்ட் பண்ணுனியால?"

"உன் வாய்ஸ எடுக்கலக்கா. நீ பேசுத விதத்த மட்டும்தான் எடுத்தேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அம்மா செத்தன்னைக்கு உன்கிட்டச் சொன்னத, அருவியில குளிக்க விடாததுக்கு வச்சிருக்க."

"அது நல்ல லைனா இருந்துதுக்கா."

நான் வைத்துவிட்டேன். தோழிகளிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, எல்லையோரம் இருக்கும் பார்டர் கடையில் புரோட்டா சாப்பிடப் போகும் திட்டத்தையும் விட்டுவிட்டு, பஸ் ஏறினேன். அந்தச் சாயங்காலங்களில் ஒரு நாளாவது என்னிடம் பேசுவதற்காகவே கூப்பிட்டானா என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டதாக மறுநாள் செய்தி அனுப்பினான். மற்றவை கம்பெனிக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.

பொங்கலுக்கு வந்தான். இலை போட்டேன், பரிமாறினேன். வழக்கமாக அவன் சாப்பிடும்போது என் வாய் ஓயாது. அன்று "சோறு போடட்டா", "போதுமா", அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் சொல்ல வரும்போதே, இதுவும் எங்கேயாவது போய்விடும் என்று தோன்றியது.

"பேச மாட்டியாக்கா?" என்று கேட்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அணைத்து, என் பக்கம் தள்ளி வைத்தான். "பாரு, ஆஃப் பண்ணிட்டேன். இப்பவும் நம்பலையா?"

"நம்பல" என்று சொல்லிவிட்டு, ரசம் எடுக்க உள்ளே போனேன்.