கார்புரேட்டர் ஒழுகிய ஞாயிறு

பெட்ரோல் ஒழுகுவதை முதலில் கண்டவர் அக்காதான். "சார், வண்டிக்கு அடியில என்னமோ சொட்டுதுங்க" என்று பின்னாலிருந்து என் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். பூம்பாறைக்கு மேலே, ஒருபுறம் பள்ளமும் மறுபுறம் பைன் மரங்களுமாக இருந்த வளைவில் வண்டியை நிறுத்தினேன். ஆடிச் சாரல். மூடுபனிக்குள் பெட்ரோல் வாடை மட்டும் தெளிவாக இருந்தது. கார்புரேட்டரின் அடியிலிருந்து விழுந்த துளிகள், சூடான இன்ஜினில் பட்டு ஆவியாகிக்கொண்டிருந்தன. எண்பத்து மூன்றாம் ஆண்டு அது. பத்து மணிக்குள் நாங்கள் கொடைக்கானல் கடைத்தெருவில் இருந்தாக வேண்டும்.

நான் அப்போது கவுஞ்சியில் பள்ளி ஆசிரியர். அக்கா எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே கல்யாணமும் முடித்து, நடு வயதில் குடியுரிமை இல்லையென்று இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். இங்கே வந்த பிறகு கணவர் காய்ச்சலில் போய்விட்டார். கூடப்பிறந்த தங்கை ஒருத்தி மட்டும் அங்கேயே தங்கிவிட்டாள். அவள் புருஷனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. "ஒரே வயித்துல பொறந்தோம் சார். அவளுக்கு அந்த நாடு, எனக்கு இந்த நாடுன்னு பேப்பர்ல பிரிச்சுட்டாங்க" என்று உளுந்து புடைப்பதுபோல் சாதாரணமாகச் சொல்வார். ஊரில் எல்லோரும் அவரைச் சிலோன் அக்கா என்றார்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரி என்றார்களாம்.

அந்த ஆடியில் இலங்கையில் கலவரம் மூண்டது. டீக்கடை ரேடியோவில் செய்தி வரும் நேரத்துக்கு அக்கா கரண்டியை வைத்துவிட்டு ஓடிவிடுவார். கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, முகாம்களில் ஜனங்கள் என்றெல்லாம் சொன்னார்கள். தங்கை இருந்த தோட்டத்தின் பெயரை மட்டும் எவரும் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அக்கா திரும்பி வந்து சாம்பாரைக் கிளறுவார்.

சனிக்கிழமை மாலை, கூக்காலுக்குக் காய் ஏற்றப் போன லாரி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு வந்தார். கொடைக்கானலில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த முதலாளி சொல்லியனுப்பிய சேதி. அவர் கடை டெலிபோன் நம்பரைத்தான், ஆத்திர அவசரத்துக்கு என்று அக்கா தங்கைக்கு எழுதியிருந்தார். "சிலோன்ல இருந்து போன் வந்துச்சாம்க்கா. ஒங்க தங்கச்சிதான். நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிடுதாகளாம். வெரசா வந்து சேரச் சொன்னாக" என்றார். அக்கா அழவில்லை. "உசுரோட இருக்கா" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். சாரல் காலத்தில் காலை பஸ்ஸை நம்ப முடியாது. நான்தான் என் பழைய மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

வளைவில் நின்று உதைத்து உதைத்துப் பார்த்தேன். வண்டி இருமியதே தவிர உயிர் பெறவில்லை. டாங்கின் குழாயை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினேன். அதற்குள் ஒரு பித்தளை மிதவை இருக்கும். கிண்ணம் நிறைந்ததும் அது மேலெழுந்து பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். அந்த மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே தளக் தளக்கென்று சத்தம். எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது. மிதக்க வேண்டியது மூழ்கிக் கிடந்தால் வழி எப்படி அடைபடும்? உதறினேன், ஊதினேன், விரலால் தட்டினேன். புகுந்த வழியே தெரியவில்லை. வெளியே வருவது எங்கே? அக்கா முந்தானையை ஏந்திப் பிடித்து, கழற்றிய திருகுகளை அதில் வாங்கிக்கொண்டு நின்றார். "பத்து ஆயிருச்சா சார்?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். சற்று நேரத்தில் மறுபடி அதையே கேட்டார். அந்தப் பாதையில் வேறு வண்டி ஒன்றும் வரவில்லை.

சரிவுக்குக் கீழே உருளைக்கிழங்குக் காட்டு நடுவில் ஒரு வீட்டிலிருந்து புகை வந்தது. அக்கா வழுக்கும் வரப்பில் எனக்கு முன்னால் இறங்கினார். கொஞ்சம் வெந்நீர் வேண்டும் என்றேன். எதற்கென்று அந்த வீட்டு அம்மா கேட்கக்கூட நிற்கவில்லை. எங்கள் முகமே போதுமாக இருந்தது. "வெந்நியா? அடுப்புலயே கெடக்கு, எடுத்துக்கங்க தாயி" என்றார். அடுப்பிலிருந்து தள்ளி, வாசல் மண்ணில் பாத்திரத்தை வைத்து மிதவையை முக்கினேன். சூடு ஏற ஏற, ஓரத்து இணைப்பிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. ஓட்டை அங்கேதான். அந்தப் பக்கத்தைக் கீழ்நோக்கிப் பிடித்தால் உள்ளிருந்த பெட்ரோல் கசிந்தது. ஊசிமுனைத் துளை. ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு திரண்டு விழக் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்த எந்த வழியும் இல்லை. நாங்கள் மூவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏ சாமி, வெரசா எறங்கேன்" என்று அந்த வீட்டு அம்மா மிதவையிடமே கெஞ்சினார்.

மிதவை காலியானதும் துணி சோப்பைச் சுரண்டி, பிசைந்து, துளையை அடைத்தேன். மேலேறி வந்து எல்லாவற்றையும் பூட்டினேன். விறைத்த விரல்களில் திருகு பிடிபடவில்லை. ஒன்று புல்லில் விழுந்தது. இருவரும் தரையில் தவழ்ந்து தேடி எடுத்தோம். கடைசியில் வண்டி கிளம்பியது. ஒழுகவும் இல்லை. ஆனால் அக்கா நேரம் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

கடைத்தெருவில் சந்தைக் கூட்டம். எங்களைக் கண்டதும் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"இப்பத்தான் தாயி வச்சாங்க. வந்துருவாக, வந்துருவாகன்னு நானும் பேச்சை இழுத்துத்தான் பார்த்தேன். லைன் கட்டாயிருச்சு."

"என்ன சொன்னா?"

"நல்லாருக்கோம்னு சொல்லச் சொன்னாக. வேற எங்கயோ போறோம்னாக. ஊர் பேரு சொல்லையிலதான் ஒரே இரைச்சல், காதுல விழல."

"அழுதாளா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "இரைச்சல்ல ஒண்ணும் வெளங்கல தாயி" என்றார்.

"கொரல் எப்பிடிங்க இருந்துச்சு? கட்டிக்கெடந்துச்சா? அவளுக்குச் சளி பிடிச்சா கொரல் கட்டிரும்."

முதலாளி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். திரும்பவும் கூப்பிடலாம் என்று அக்கா கடை அடைக்கும்வரை டெலிபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீ ஆடை படிந்து ஆறிப்போயிற்று. திரும்பும் வழியில் நான் கொஞ்சம் வேகம் எடுத்தபோது, பின்னாலிருந்து, "மெதுவாவே போங்க சார். இனி என்ன அவசரம்" என்றார். அந்தக் குரலில் குற்றச்சாட்டு துளியும் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பின் அந்தத் தங்கையிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வடக்கே வவுனியாப் பக்கம் போன குடும்பங்கள் உண்டென்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களில் இவள் இருந்தாளா என்று சொல்ல ஆளில்லை. சில வருடங்கள் கழித்து அக்காவும் நீலகிரியில் உறவுக்காரர்களோடு இருக்கப் போய்விட்டார். நான் இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் என் மகள் காய் நறுக்கிக்கொண்டே போனில் முகம் காட்டிப் பேசுகிறாள். பேச எதுவும் இல்லாத நாட்களில் அவள் சமைப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். குரல் கட்டியிருந்தால் அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அப்போதெல்லாம் அந்த ஆடி மாதத்தின் அடுத்த ஞாயிறுதான் நினைவுக்கு வரும்.

அந்த வாரத்துக்குள் புது மிதவை வாங்கி மாட்டிவிட்டேன். ஞாயிறு வெள்ளனே அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். யாரும் அழைப்பதாகச் சொல்லவில்லைதான். ஆனாலும் அவர் தலைவாரி, நல்ல சேலை கட்டித் தயாராக இருந்தார். சாரல் விட்டிருந்தது. வண்டி ஒரு சொட்டுகூட ஒழுகாமல், ஒரு வளைவிலும் முக்காமல் ஓடியது. முதலாளி கடையைத் திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். அன்று டெலிபோன் பலமுறை அடித்தது. ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து நின்றார். ஒவ்வொரு முறையும் முதலாளி ரிசீவரைக் காதில் வைத்து, அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு முட்டைக்கோஸ் விலையைச் சொன்னார்.