கஜபதி மாட்டிவிட்ட பெல்ட்

கஜபதி அண்ணன் ஆவடியில் ராணுவ வண்டிகளுக்கு முப்பத்தொரு வருஷம் பெயிண்ட் அடித்தவர். முப்பத்தொரு வருஷமும் ஒரே நிறம், பச்சை. அதுவும் யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகவே கலக்கிய பச்சை. "நம்ம வேல நல்லா கீதுன்னா அது எவன் கண்ணுக்கும் தெரியக் கூடாது. இன்னா பொழப்பு பாரு" என்பார். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டுக் கேட்டுக்கு ஆரஞ்சு அடித்தார். அன்றிலிருந்து முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வழி சொல்வது சுலபமாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரி எனக்குத்தான் காலையில் வாசல் தெளிக்கும்போது கண் கூசுகிறது.

கேட் காய்ந்ததும் கம்ப்யூட்டர் வாங்கினார். அந்தக் காலத்துக் கார்களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றுவதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. வெயில் படும் கதவுக்கு ஒரு நிறம், நிழல் விழுந்த கதவுக்கு இன்னொன்று, பம்பரில் தெரியும் வானத்துக்குத் துளி நீலம் என்று ஒரு படத்துக்கு ஒரு வாரம் எடுப்பார். "போன்ல ஒரு தட்டுத் தட்டுனா கலர் வந்துடுதே அண்ணே" என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "வருதும்மா. அதுக்கு வண்டின்னா இன்னான்னு தெரியுமா? டயரு, மட்கார்டு எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஊதாவ அப்பி வெக்குது" என்று ஆரம்பித்தவர், அடுப்பில் என் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நிறுத்தினார்.

எந்தக் காருக்கும் பச்சை மட்டும் தரமாட்டார். கிரீம், நீலம், மெரூன், சந்தனம் எல்லாம் உண்டு. கறுப்பு வெள்ளையில் சிவப்பும் சாம்பல்தான், பச்சையும் சாம்பல்தான். யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

பழைய கார்களைப் புதுப்பிக்கிற பூந்தமல்லி யூசுப்தான் ஜம்புலிங்கம் சாரை அனுப்பிவைத்தான். சார் கள்ளிக்குப்பத்தில் இருக்கிறார், கணக்கு வாத்தியாராக இருந்தவர், வயது எழுபத்துமூன்று. அவர் கொண்டுவந்தது ஆயுத பூஜை அன்று எடுத்த படம். மாலை போட்ட கார், பானெட்டில் பெரிய குங்குமப் பொட்டு, முன்னால் இரண்டு பக்கமும் தழைத்த வாழைமரம், பானெட்டின் ஓரத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை. குழந்தைதான் சார். கார் அவருடைய அப்பாவுடையது. அந்த வருஷமே அப்பாவும், பின்னாலேயே அம்மாவும் போய்விட, சித்தி வீட்டில் வளர்ந்தவர். அப்பாவின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூடக் கிடையாது. அந்தக் கார் எப்போதோ காயலாங்கடைக்குப் போய்விட்டது. அதே மாதிரி வண்டி ஒன்றை யூசுப் தேடிப் பிடித்து, தட்டி நிமிர்த்தி வைத்திருந்தான். அப்பா ஓட்டிய நிறத்தையே அதற்கும் அடித்து, ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது சாரின் ஆசை. அந்த நிறத்தைச் சொல்ல உயிரோடு யாரும் இல்லை.

கஜபதி அண்ணன் ஒன்பது நாள் உட்கார்ந்து மெரூன் என்று தீர்ப்புச் சொன்னார். சார் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டு, போனில் தழுதழுத்தார். யூசுப்பும் பெயிண்ட் வாங்கிவிட்டு, அண்ணனிடம் "திங்கக்கெழம அடிச்சிடுறேன் நைனா" என்றான்.

சனிக்கிழமை நான் கறிவேப்பிலை கேட்கப் போனபோது, அண்ணன் பெருமையாக அந்தப் படத்தைத் திறந்துகாட்டினார். அவர் மனைவி கஸ்தூரி அக்கா முறத்தோடு வந்து பின்னால் நின்றார்.

"குங்குமம் இவ்ளோ பளிச்சுனு தெரியுதே. நம்ம ஊட்டு செவப்பு பீரோல பொட்டு வெச்சா தெரியுதா?"

அண்ணன் அவசரமாகப் படத்தை மூடப் போனார்.

"பழைய படத்தக் காட்டு. இதுல வாழ எல எங்க முடியுது, வண்டி எங்க ஆரம்பிக்குது? ரெண்டும் ஒண்ணாத்தான கீது. வண்டி பச்சய்யா."

"கம்முனு இரு கஸ்தூரி."

"இன்னும் கேளு. ஒன்ற வயசுக் கொழந்தைக்கு யார்னா பெல்ட்டு மாட்டுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழந்தையின் வெள்ளைச் சட்டையில், இடுப்புப் பக்கம் சாம்பலாக ஏதோ பட்டை தெரிந்திருக்கிறது. அண்ணன் அதற்குப் பழுப்பு நிறம் ஏற்றிப் பெல்ட்டாக்கியிருந்தார். வேண்டாவெறுப்பாகப் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். முகம் மாறிவிட்டது.

"பெல்ட்டு இல்ல கஸ்தூரி. வெரலு."

நான்கு விரல்கள். வாழைமரத்துக்குப் பின்னால் யாரோ குனிந்து மறைந்திருந்து, குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அண்ணன் இலையை இலையாகவும், வண்டியை வண்டியாகவும், விரலை விரலாகவும் பிரித்துப் பிரித்து மறுபடி நிறம் ஏற்றினார். கார் தளிர்ப் பச்சையில் வந்தது. திட்டிக்கொண்டேதான் செய்தார், ஆனால் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டரில் கள்ளிக்குப்பத்துக்குக் கிளம்பினோம். போனில் சொல்லிவிடலாம் என்றவரைக் கஸ்தூரி அக்காதான் பிடித்துத் தள்ளினார். வழியில் அண்ணன் மூன்று இடத்தில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னார். பயம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்பாவின் கார் என்று ஒருவர் தினமும் பார்த்து உருகும் படத்தைப் பொய் என்று சொல்லப் போகிறோம்.

சார் வீட்டில் மெரூன் கார் சந்தன மாலையோடு தொங்கியது. அண்ணன் உட்காரக்கூட இல்லை.

"சார், தப்பு பண்ணிட்டேன். வண்டி மெரூன் இல்ல, பச்ச. எனக்குப் பச்சன்னா ஆவாது, அதான் மாத்திட்டேன்."

சார் மாலை போட்ட படத்தைப் பார்த்தார். "அப்போ இத்தன நாளா நான் பாத்துட்டு இருந்தது?"

"அது என் இஷ்டம் சார்."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அண்ணன் புதிய படத்தை நீட்டினார். பச்சைக் காரைப் பார்த்து சார் முகம் மலரவில்லை. அண்ணன் குழந்தையின் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்கருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் இடது கையை விரித்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. படத்தில் இருந்ததும் அப்படியேதான் வளைந்திருந்தது.

"இந்தக் கோண விரல் உங்கப்பாவோடதுடான்னு சித்தி சொல்லுவாங்க. சமாதானத்துக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன்."

சாருக்குக் கண்ணில் நீர் வழிந்தது, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"இந்தப் படத்தப் பாக்கிறவங்க எல்லாம், அந்த வயசுல எப்படி சார் தனியா உக்காந்தீங்கன்னு கேப்பாங்க. நானும் பெருமையாத் தலைய ஆட்டுவேன்" என்றார். விரலால் அந்த விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் எங்க கஜபதி தனியா உக்காந்தேன்?"